கடல்ல புதுசா ஒண்ணு கண்ல பட்டா: வெளியில இருந்து வந்த கடல் இனங்களை கண்டுபிடிச்சு ரிப்போர்ட் பண்றது எப்படி

கடலுக்குள்ள வெளி இடத்து இனம் ஒண்ணு வந்து நல்லா வேர் பிடிச்சிடுச்சுன்னா அதை மொத்தமா எடுக்குறது கிட்டத்தட்ட நடக்காத காரியம். நிலத்துலன்னா சுத்தி வளைச்சு வெட்டலாம், எரிக்கலாம், கடல்ல எங்க போய் வளைக்கிறது, முட்டையும் லார்வாவும் நீரோட்டத்தோட போயிட்டே இருக்கும். அதனால யாரு முதல்ல பார்த்தாங்க, எப்போ பார்த்தாங்க, பார்த்ததும் சொன்னாங்களாங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

1984-ல மொனாக்கோ ஓஷனோகிராஃபிக் மியூசியத்துக்கு கீழ கடல்ல காலர்பா டாக்ஸிஃபோலியாங்கற பச்சைப் பாசி சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு இருந்துச்சு. மீன் தொட்டியில அழகுக்கு வளர்க்குற பாசி அது. அந்த நேரத்துல ஒரு ஆள் நினைச்சிருந்தாலே எடுத்திருக்கலாம், எடுக்கல, கொஞ்ச வருஷத்துல பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியான்னு ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்கு போயிடுச்சு. அதே பாசி 2000 ஜூன்ல கலிஃபோர்னியாவுல கார்ல்ஸ்பாட் பக்கம் அகுவா ஹெடியோண்டாங்கற காயல்ல, கடல்புல் சர்வேக்கு இறங்கின டைவர்ஸ் கண்ல பட்டுச்சு. அவங்க உடனே சொல்ல, மூணு வாரம் கூட ஆகல, தார்பாய் போட்டு மூடி உள்ள குளோரின் விட ஆரம்பிச்சுட்டாங்க. 2006-ல அங்க அது முழுசா ஒழிஞ்சிடுச்சுன்னு அறிவிச்சாங்க. பல மில்லியன் டாலர் செலவாச்சுதான், ஆனா வேலை முடிஞ்சுது. மத்தியதரைக் கடல்ல எவ்வளவு கொட்டினாலும் முடியல.

இப்போ ஆராய்ச்சியாளர்களால எல்லா கரையிலயும் எல்லா நாளும் நிக்க முடியாது. ஆனா நடக்கப் போறவங்க, மீன் பிடிக்கிறவங்க, டைவ் பண்றவங்க, படகு வச்சிருக்கிறவங்க, ஸ்கூல் பசங்க எல்லாரும் தினம் கடலைப் பார்த்துட்டேதான் இருக்காங்க. 2010-ல அலாஸ்காவுல சிட்கா பக்கம் ஒரு பயோபிளிட்ஸ் நடந்துச்சு, அதாவது ஆளுங்க கூட்டமா சேர்ந்து ஒரு இடத்துல இருக்கிற உயிரினத்தை எல்லாம் தேடிப் பதிவு பண்றது. அதுலதான் வைட்டிங் ஹார்பர்ல டிடெம்னம் வெக்சிலம்ங்கற, கயிறு, பாறை மேல எல்லாம் படலமா படர்ற வெளி இடத்து உயிரினம் இருக்கிறதே தெரிஞ்சுது. 2016 ஆகஸ்ட்ல வாஷிங்டன் மாநிலத்துல சான் ஹுவான் தீவுல ஐரோப்பிய பச்சை நண்டை முதல்ல பிடிச்சதும் சம்பளம் வாங்குற விஞ்ஞானி கிடையாது, கிராப் டீம்னு ஒரு தன்னார்வலர் திட்டத்துல மாசாமாசம் பொறி வச்சுட்டு இருந்தவங்கதான்.

"எனக்கு பயாலஜி தெரியாதே"ன்னு ஒதுங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அமெரிக்காவுல நியூஜெர்சில இருந்து மெய்ன் வரைக்கும் 52 இடத்துல சுமார் ஆயிரம் தன்னார்வலர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2008-ல வெளியிட்டாங்க. உள்ளூர் நண்டு எது, வெளியூர் நண்டு எதுன்னு பிரிக்கிறதுல மூணாம் கிளாஸ் பசங்களே 80 சதவீதம் சரியா சொன்னாங்க, ஏழாம் கிளாஸ் பசங்க 95 சதவீதம். ஒரு மணி நேரம் உருப்படியா சொல்லிக் கொடுத்தா யாரு வேணா பண்ணலாம், இதை நான் முழுசா நம்புறேன்.

முதல்ல எதைத் தேடணும்

வெளியில இருந்து வந்தது எல்லாமே கெடுதல் பண்றது இல்ல. நிறைய இனம் வந்து சும்மா ஓரமா இருந்துட்டு போயிடும். சிலது மட்டும்தான் பெருகி மத்ததை நசுக்கி, மீன்பிடியையும் சிப்பி வளர்ப்பையும் கெடுக்கும், அதைத்தான் ஆக்கிரமிப்பு இனம்னு சொல்றோம். உங்க கரைக்கு எது ஆபத்துன்னு ஒரு லிஸ்ட் பொதுவா மீன்வளத் துறையோ கடல் ஆராய்ச்சி நிலையமோ வச்சிருப்பாங்க. உலக அளவுல பார்க்கணும்னா வேர்ல்டு ரெஜிஸ்டர் ஆஃப் இன்ட்ரொட்யூஸ்டு மரைன் ஸ்பீசிஸ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, இலவசம்தான்.

அந்த லிஸ்ட்ல இருக்கிற அம்பதையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். அஞ்சாறு போதும், ஆனா அதோட சேர்த்து அதே மாதிரி இருக்கிற உள்ளூர் இனத்தையும் கத்துக்கணும், எல்லாரும் இதைத்தான் விட்டுடறாங்க. டாஸ்மேனியாவுல டெர்வென்ட் கழிமுகத்துல வடபசிபிக் நட்சத்திர மீனை 1986-லயே எடுத்தாச்சு, ஆனா உள்ளூர் நட்சத்திர மீன்னு நினைச்சு வச்சுட்டாங்க, 1992-லதான் அது வேற இனம்னு புரிஞ்சுது. ஆறு வருஷம்! அதுக்குள்ள பெருகித் தள்ளிடுச்சு. அப்போ உங்க கரையில சாதாரணமா என்னென்ன இருக்கு, எந்தப் பாறையில எந்த பாசி, எந்த மாசம் எந்த சிப்பி அதிகம்னு முதல்ல அது பழகணும். அது பழகிடுச்சுன்னா புதுசு தானா கண்ல உறுத்தும்.

அடையாளம் பார்க்கும்போது கலரை நம்பாதீங்க. ஐரோப்பிய பச்சை நண்டுங்கற பேரே ஏமாத்தும், அது பழுப்பா, ஆரஞ்சா, சிவப்பா கூட இருக்கும், பச்சையா இருக்கிற மத்த நண்டும் ஏகப்பட்டது. கண்ணுல இருந்து பின்னாடி ஓட்டோட ஓரத்துல ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு பல்லு இருக்கான்னு எண்ணணும், அதான் அடையாளம். ஆசிய கரை நண்டுன்னா பக்கத்துக்கு மூணு பல்லு, கால்ல பட்டை பட்டையா கோடு. டிடெம்னம் வெக்சிலம் கயித்துல தொங்கும்போது மெழுகு உருகி வழிஞ்ச மாதிரி இருக்கும். இப்படி ஒவ்வொண்ணுக்கும் எண்ணக்கூடிய, தொட்டுப் பார்க்கக்கூடிய ரெண்டு குறி எழுதி வச்சுக்குங்க.

எங்க தேடணும்

எப்படி வருதுன்னு தெரிஞ்சா எங்க தேடணும்னு தானா தெரியும். பெரிய வழி கப்பல்தான். சரக்கு இல்லாதப்போ கப்பல் ஆடாம இருக்க பேலஸ்ட் தண்ணி ஏத்துவாங்க, ஒரு துறைமுகத்துல ஏத்தி இன்னொரு துறைமுகத்துல இறக்கும்போது உள்ள இருக்கிற லார்வா, குட்டி எல்லாம் சேர்ந்து இறங்கும். இதைக் கட்டுப்படுத்த 2004-ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டு அது 2017 செப்டம்பர்லதான் அமலுக்கே வந்துச்சு. ரெண்டாவது கப்பலோட, படகோட அடிப்பகுதியில ஒட்டிட்டு வர்றது. அப்புறம் வளர்ப்புக்குன்னு கொண்டு வந்து வெளிய போறது, மன்னார் வளைகுடாவுல குருசடை தீவு பவளப்பாறை மேல கப்பாஃபைகஸ் பாசி படர்ந்திருக்குன்னு 2008-ல பதிவாச்சே, அது அந்த வகை. மீன் தொட்டியில இருந்து கொட்டுறது ஒண்ணு. 1869-ல திறந்த சூயஸ் கால்வாய் வழியா செங்கடல் இனங்கள் இன்னமும் மத்தியதரைக் கடலுக்கு போயிட்டே இருக்கு. மிதந்து வர்ற குப்பையையும் லேசா எடுத்துக்காதீங்க, 2011 சுனாமியில ஜப்பான்ல பிச்சுக்கிட்டு போன ஒரு படகுத்துறையே 2012 ஜூன்ல அமெரிக்காவுல ஓரிகன் கரையில ஒதுங்குச்சு, அந்த சுனாமி குப்பையில மொத்தமா கிட்டத்தட்ட 290 ஜப்பானிய கடல் இனம் உயிரோட வந்து சேர்ந்ததை கணக்கெடுத்தாங்க.

அதனால அழகான வெள்ளை மணல் கரையை விட படகுத்துறைதான் நமக்கு நல்ல இடம். பான்டூன்னு சொல்ற மிதக்குற மேடையோட பக்கவாட்டு, ரொம்ப நாளா தண்ணியில கிடக்குற கயிறு, மிதவை, பழைய டயர், தூண், படகு இறக்குற சரிவு, சிப்பி வளர்க்குற இடத்தைச் சுத்தி. பான்டூன் தண்ணியோட சேர்ந்து ஏறி இறங்குறதால எந்த நேரம் போனாலும் பார்க்கலாம், குப்புறப் படுத்து கையை விட்டாலே போதும், ஆனா மெரினா ஆளுங்ககிட்ட கேட்டுட்டு போங்க. பாறைக் கரைன்னா வத்தத்துல போகணும், லோ டைட் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் தண்ணி இறங்க இறங்க பின்னாடியே போங்க, தண்ணி திரும்பினதும் நீங்களும் திரும்பிடணும். கல்லை புரட்டினா பழையபடியே மெதுவா வைங்க, அடியில இருக்கிறதுக்கு வெயில் பட்டா செத்துடும்.

அலை கொண்டு வந்த பாசியும் குப்பையும் கரையில வரிசையா ஒதுங்கிக் கிடக்கும், அதையும் பாருங்க. நண்டு வளரும்போது ஓட்டை கழட்டிப் போடும், அந்த வெத்து ஓடு உயிருள்ள நண்டுக்கு சமமான ஆதாரம். வாஷிங்டன்ல கழட்டிப் போட்ட ஓட்டை மட்டும் தேடறதுக்குன்னே மோல்ட் சர்ச்னு ஒரு திட்டம் ஓடுது, இருபது நிமிஷ வேலை, பொறி வேண்டாம், தண்ணியில கால் கூட நனைக்க வேண்டாம். புதுசா ஆரம்பிக்கிறவங்க இதுல இருந்து தொடங்குறது நல்லதுன்னு நினைக்கிறேன்.

போட்டோதான் உயிர்

அந்தப் பக்கம் இருக்கிற நிபுணர் அந்த உயிரினத்தை நேர்ல பார்க்கப் போறதில்ல, உங்க போட்டோவை வச்சுத்தான் முடிவு பண்ணணும். ஒரே ஒரு போட்டோ, அதுவும் தூரத்துல இருந்து, வெயில் பளபளன்னு அடிக்க எடுத்தா அவரால ஒண்ணும் சொல்ல முடியாது, அந்தப் பதிவு அப்படியே கிடக்கும். குறைஞ்சது நாலு போட்டோ எடுங்க. முதல்ல அது எங்க இருக்கோ அப்படியே சுத்தி இருக்கிற இடத்தோட ஒண்ணு. அப்புறம் கிட்ட போய் மேல இருந்து, அப்புறம் பக்கவாட்டுல, முடிஞ்சா அடிப்பக்கம். பக்கத்துல அளவுக்கு ஸ்கேல், இல்லன்னா நாணயம், பேனா எதையாவது வைங்க, விரலை வச்சா ஆளுக்கு ஆள் அளவு மாறும்.

எந்த உயிரினம்ங்கறதைப் பொறுத்து எதை எடுக்கணும்ங்கறதும் மாறும். நண்டுன்னா ஓட்டை நேர் மேல இருந்து, கண்ணும் ஓரப் பல்லும் எண்ணுற மாதிரி தெரியணும், வயித்துப் பக்கம் ஒண்ணு எடுத்தா ஆணா பெண்ணான்னும் தெரிஞ்சிடும், வயித்து மடிப்பு குறுகலா இருந்தா ஆண், அகலமா இருந்தா பெண். சிப்பின்னா வெளி ஓடு மட்டும் பத்தாது, செத்த சிப்பி கிடைச்சா உள்பக்கமும் ரெண்டு ஓடும் சேர்ற கீல் பகுதியும் எடுங்க, பாதி அடையாளம் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். பாசின்னா நுனி, நடு நரம்பு, பாறையைப் பிடிச்சிருக்கிற அடிப்பகுதி மூணும் வேணும். டியூனிகேட்னு சொல்ற, தொட்டா தண்ணி பீச்சுற பை மாதிரி உயிருங்களை தண்ணிக்குள்ள வச்சே எடுங்க, வெளிய எடுத்தா சுருங்கி அடையாளமே போயிடும். நட்சத்திர மீன்னா கை எத்தனை, கை நுனி எப்படி இருக்கு, வடபசிபிக் நட்சத்திர மீனுக்கு நுனி கூரா மேல தூக்கிட்டு இருக்கும்.

போட்டோவுல ஃபில்டர் போடாதீங்க, கிராப் பண்ணினாலும் ஒரிஜினலை அழிக்காதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பி அதை திரும்ப டவுன்லோட் பண்ணி ஏத்துனா உள்ள இருக்கிற ஜிபிஎஸ் விவரம், எடுத்த நேரம் எல்லாம் போயிடும், அதனால போன்ல எடுத்ததை நேரா பதிவு பண்ற ஆப்ல ஏத்துங்க, எந்த ஆப்னு கடைசியில சொல்றேன். கேமரா செட்டிங்ல லொகேஷன் ஆன் ஆகியிருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்துக்குங்க.

போட்டோ சொல்லாததை நீங்கதான் எழுதணும். தேதி, நேரம், இடம் எவ்வளவு துல்லியம், பத்து மீட்டருக்குள்ளயா இல்ல "இந்தக் கரையில எங்கயோ"வா, ஆழம் எவ்வளவு, பாறையா மணலா கயிறா, ஒண்ணுதான் இருந்துச்சா இல்ல பத்து நூறுன்னு இருந்துச்சா, குட்டியும் பெருசும் கலந்து இருந்துச்சா. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், பல அளவுல இருந்தா அங்கயே குஞ்சு பொரிச்சு பெருகுதோன்னு சந்தேகம் வரும், ஒரே ஒரு பெருசுன்னா இப்போதான் வந்திருக்கலாம், ரெண்டுக்கும் எடுக்க வேண்டிய நடவடிக்கையே வேற.

ஒண்ணும் கிடைக்கலன்னாலும் எழுதுங்க

தன்னார்வலர்கள் பாதியில விடறதுக்கு பெரிய காரணம் "போனேன், ஒண்ணும் இல்ல, வந்துட்டேன்". ஆனா தேடிப் பார்த்தும் இல்லங்கறது ஒரு முழு தகவல். போன வருஷம் வரைக்கும் இங்க இல்ல, இந்த மாசம் இருக்குன்னு சொல்ல முடிஞ்சா அது எப்போ வந்துச்சு, எவ்வளவு தூரம் போயிருக்கும்னு கணக்குப் போடலாம், அந்த இல்லைங்கற பதிவுங்க இல்லாம அதை யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு தேடறது ஒரே முறையில இருக்கணும். ஒரே இடம், ஒரே மாதிரி வத்தம், ஒரே அளவு நேரம், எத்தனை பேர் தேடினோம்னு எழுதணும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பிவிசி பைப்ல சதுரம் பண்ணி அதுக்குள்ள இருக்கிறதை மட்டும் எண்ணலாம், இல்ல அரை மணி நேரம்னு டைமர் வச்சு தேடலாம், எதுவா இருந்தாலும் அடுத்த முறையும் அதையே பண்ணுங்க.

படகுத்துறை பக்கத்துல இருக்கிறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு, தட்டு தொங்கவிடறது. சொரசொரப்பா தேய்ச்ச ஒரு பிவிசி தட்டை கயித்துல கட்டி, அடியில கொஞ்சம் கனம் சேர்த்து, பான்டூன்ல இருந்து ஒரு மீட்டர் ஆழத்துல தொங்கவிட்டு மூணு மாசம் கழிச்சு எடுத்துப் பாருங்க, கொட்டலசு, சிப்பி, டியூனிகேட்னு எல்லாம் குடியேறியிருக்கும். அலாஸ்காவுல பிளேட் வாட்ச்னு ஸ்மித்சோனியன்ங்கற அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க தன்னார்வலர்களோட சேர்ந்து இப்படித்தான் பண்றாங்க. வெறும் தட்டுல முதல்ல வந்து உக்கார்றதுல வெளி இனங்கள் நிறைய இருக்கும், அதனால இது நல்ல பொறி. அந்த பிவிசி தட்டை ஒரு அகலமான பாத்திரத்துல தண்ணிக்குள்ள வச்சு போட்டோ எடுங்க, காய விட்டுடாதீங்க.

பண்ணக்கூடாதது

ஆர்வத்துல பிச்சுப் போடறதுதான் பெரிய ஆபத்து. காலர்பாவுல சின்ன துண்டு போதும் புது இடத்துல வளர. டிடெம்னமும் அப்படித்தான், பிச்ச துண்டு மிதந்து போய் வேற இடத்துல ஒட்டிக்கும். நட்சத்திர மீனை வெட்டி கடல்லயே போட்டா நடுப்பகுதி ஒட்டியிருக்கிற துண்டு திரும்ப முழுசா வளரும். அதனால சொல்லாம கை வைக்காதீங்க. இன்னொண்ணு, உங்க அடையாளம் தப்பா இருந்தா நீங்க கொல்றது உள்ளூர் இனமா, பாதுகாக்கப்பட்ட இனமாவே கூட இருக்கலாம்.

பிடிச்சதை திரும்ப விடலாமா கூடாதாங்கறதுல சட்டம் இடத்துக்கு இடம் மாறும். சில இடத்துல ஆக்கிரமிப்பு இனத்தை உயிரோட கையில வச்சிருந்தாலே குத்தம், சில இடத்துல பிடிச்சா திரும்ப கடல்ல விடக்கூடாது. கரைக்கு போறதுக்கு முன்னாடியே உங்க இடத்து விதியை கேட்டு தெரிஞ்சுக்குங்க, கையில நண்டை வச்சுட்டு போன்ல தேடறதுக்கு அது நேரம் இல்ல. எந்தக் காரணம் கொண்டும் உயிரோட வேற இடத்துக்கு, வீட்டு தொட்டிக்கு எடுத்துட்டு போகாதீங்க.

உடம்பையும் பார்த்துக்குங்க. லயன்ஃபிஷ் முள்ளுல விஷம், குத்திடுச்சுன்னா தோல் வேகாத அளவு தாங்குற வெந்நீர்ல முக்கி வச்சுட்டு டாக்டர்கிட்ட போங்க. மத்தியதரைக் கடல்ல 2003-ல முதல்ல பதிவான பேத்தை மீன் ஒண்ணு, லாகோசெஃபாலஸ் செலரேட்டஸ்னு பேரு, அதுல டெட்ரோடாக்ஸின்ங்கற விஷம் இருக்கு, சமைச்சாலும் போகாது, சாப்பிட்டா உயிர் போகும். தெரியாத மீனை ருசி பார்க்கவே வேண்டாம். கையுறை போடுங்க, தனியா போகாதீங்க.

நீங்களே பரப்புற ஆளா ஆயிடாம இருக்க ஒரு கரையில இருந்து இன்னொரு கரைக்கு போறதுக்கு முன்னாடி ஷூ, வெட்சூட், வலை, வாளி, கயிறு எல்லாத்தையும் பார்த்து, ஒட்டியிருக்கிறதை எடுத்து, நல்ல தண்ணியில அலசி, மடிப்புக்குள்ள ஈரம் இல்லாம காய வைங்க. காலர்பா இருட்டான ஈரமான இடத்துல பத்து நாள் வரைக்கும் உயிரோட இருக்கும், நங்கூரச் சங்கிலி வைக்கிற அறையில உக்காந்துட்டே ஊர் ஊரா போனது அப்படித்தான். அலசின தண்ணியை திரும்ப கடல்ல ஊத்தாதீங்க.

எங்க சொல்றது

சந்தேகப்படற இனம் உங்க இடத்துல இதுவரைக்கும் இல்லாததுன்னா முதல்ல அதிகாரபூர்வமான எண்ணுக்கோ ஈமெயிலுக்கோ சொல்லுங்க, மீன்வளத் துறை, சுற்றுச்சூழல் துறை, பயோசெக்யூரிட்டி பிரிவு, இடத்துக்கு ஏத்த மாதிரி பேர் மாறும். ஆப்ல போட்டுட்டா அரசாங்கம் பார்த்துடும்னு நினைக்காதீங்க, பல இடத்துல யாரும் தினம் அதை உக்காந்து பார்க்கிறதில்ல. சொன்னதுக்கு அப்புறம் ஐநேச்சுரலிஸ்ட்ங்கற ஆப்ல ஏத்துங்க, யாரு வேணா பார்த்த உயிரினத்தை போட்டோவோட பதிவு பண்ற இடம் அது. 2008-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பெர்க்லியில மாஸ்டர்ஸ் ப்ராஜெக்டா ஆரம்பிச்சது அது. தேதி, இடம், போட்டோ மூணும் இருந்து, இனம் வரைக்கும் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துக்கிட்டா ரிசர்ச் கிரேடு, அதாவது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாம்ங்கற தரம் ஆகும், லைசன்ஸ் அனுமதிச்சா அங்க இருந்து ஜிபிஐஎஃப்ங்கற உலக டேட்டாபேஸுக்கு போயிடும், உலகத்துல எந்த ஆராய்ச்சியாளரும் எடுத்துக்கலாம். இடத்தை மறைக்கிற ஆப்ஷன் வச்சீங்கன்னா புள்ளி பல கிலோமீட்டர் தள்ளி காட்டும், ஆக்கிரமிப்பு இனத்துக்கு அது உதவாது, உங்க வீட்டு வாசல்ல எடுத்தாலொழிய இடத்தை திறந்தே வைங்க. ஆஸ்திரேலியாவுல ரெட்மேப்னு தனியாவே ஒண்ணு இருக்கு, வழக்கமா இல்லாத இடத்துல பார்த்த மீன், நண்டு போட்டோவை அனுப்பினா அந்தந்த இனத்து விஞ்ஞானி பார்த்து பதில் சொல்வாரு.

ஆப் தானா சொல்ற பேரை அப்படியே ஒத்துக்காதீங்க. போட்டோ நிறைய இருக்கிற இனத்தோட பேரைத்தான் அது சொல்லப் பார்க்கும், உங்க கரையில அரிதா இருக்கிறதுக்கு தப்பா சொல்ல வாய்ப்பு அதிகம். தெரியலன்னா "நண்டு"ன்னு மட்டும் போட்டு விடுங்க, தெரிஞ்சவங்க வந்து எந்த இனம்னு சரியா சொல்வாங்க.

அனுப்பினதும் பதில் வர நாளாகலாம், வந்தாலும் "இது உள்ளூர் இனம்தான்"னு வரலாம், பெரும்பாலும் அப்படித்தான் வரும். அதுவும் பதிவுதான், அந்த நாள் அந்த இடத்துல அந்த உள்ளூர் இனம் இருந்துச்சுன்னு. ஒருவேளை மேல தகவல் கேட்டு கூப்பிட்டாங்கன்னா ஒரிஜினல் போட்டோ, குறிச்சு வச்ச நோட்டு, திரும்ப அதே இடத்துக்கு வழி காட்டுற அளவுக்கு ஒரு அடையாளம், எந்த தூண், எந்த கயிறு, இது மூணும் கையில இருக்கணும். செத்த ஓடோ வெத்து ஓடோ கிடைச்சிருந்து, அதை வச்சிருக்க உங்க இடத்துல அனுமதியும் இருந்தா, தேதியும் இடமும் எழுதின சீட்டோட ஒரு கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வைங்க, அவங்க வந்து வாங்கிப்பாங்க.